டெலஸ்கோப்ப ஸ்டோர் ரூம்ல போட்டு மறந்துடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கிரகணம் வருதுன்னா எத்தன மணிக்கு, எந்தப் பக்கம் பாக்கணும்னு உங்க பேப்பர்ல விவரமா போடுறீங்க, நல்ல விஷயம். ஆனா அதப் படிச்சிட்டு பரண்ல கெடக்குற டெலஸ்கோப்ப எறக்குறவங்க பாட்ட யாரும் எழுதுறதில்ல. 2025 செப்டம்பர் 8 விடியக்காலைல முழு சந்திர கிரகணம் வந்துச்சே, அந்த சமயத்துல இங்க பினாங்குல தெரிஞ்சவங்க, தெரியாதவங்கன்னு எத்தனையோ பேர் என்கிட்ட தூக்கிட்டு வந்தாங்க (நான் கேமரா ரிப்பேர் பண்ணிட்டிருந்தவன், இப்ப ரிட்டயர், ஆனா ஆளுங்க விடுறதில்ல). எல்லாரும் ஒரே மாதிரிதான் கேக்குறாங்க, "அங்கிள், இது கெட்டுப்போச்சு, புதுசு வாங்கிடலாமா?" முக்கால்வாசி கெடவே இல்லங்க, வச்சிருந்த எடம்தான் கோளாறு.

நம்ம ஊர்ல கண்ணாடிக்கு எமன் ஃபங்கஸ்தான். காத்துல ஈரம் 60, 70 சதவீதத்த தாண்டுனா லென்ஸ் மேல மெல்ல வளர ஆரம்பிச்சிடும், பாக்க சிலந்தி வலை மாதிரி இருக்கும், அப்படியே விட்டா லென்ஸ் மேல இருக்குற மெல்லிசு பூச்ச (கோட்டிங்) அரிச்சிடும், அதுக்கப்புறம் எத தொடச்சும் பிரயோஜனம் இல்ல. வெளிய பனியில வச்சு பாத்துட்டு லென்ஸ் ஈரமா இருக்கும்போதே மூடிய போட்டு, அந்த கறுப்பு ஸ்பாஞ்சு வச்ச பெட்டிக்குள்ள வச்சு பூட்டி, ஸ்டோர் ரூம்ல தள்ளிடுறாங்க. ஸ்பாஞ்சு ஈரத்த உறிஞ்சி வச்சிக்கும். நாளாச்சுன்னா அதுவே பொடிப்பொடியா உதிர்ந்து கண்ணாடி மேல ஒட்டிக்கும். மொதல்ல மூடிய தொறந்து வச்சு, ஃபேன் காத்துல நல்லா காய விடுங்க, அப்புறம் மூடுங்க. ஏர்கோன் ரூம்லருந்து நேரா வெளிய கொண்டு போனாலும் லென்ஸ் வேர்க்கும், அத துணியால தேய்க்காதீங்க, கொஞ்ச நேரத்துல தானா போயிடும்.

கேமராக்காரங்க வச்சிருக்குற டிரை கேபினெட் (உள்ள ஈரத்த குறைக்கிற அலமாரி) இருந்தா ஈரத்த 40லருந்து 50 சதவீதத்துல வச்சா போதும். அதுக்கு காசு இல்லன்னா, இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் டப்பால ஐபீஸ் (கண்ண வச்சு பாக்குற சின்ன லென்ஸ்), ஃபைண்டர் (குறி பாக்க டியூப் மேல மாட்டுறது) எல்லாத்தையும் போட்டு, ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா ஜெல் போடுங்க. ஆரஞ்சு கலர் ஜெல் பச்சையா மாறுனா ஈரம் ஏறிடுச்சுன்னு அர்த்தம், ஓவன்ல 110, 120 டிகிரில ரெண்டு மணி நேரம் வச்சா திரும்ப ஆரஞ்சு ஆயிடும். நீலக் கலர் ஜெல்லுல கோபால்ட் இருக்கு, சின்னப் பிள்ளைங்க இருக்குற வீட்ல வேணாம். அரிசி போட்டா போதும்னு சிலர் சொல்றாங்க, தூசியும் வண்டும்தான் மிச்சம். சிவப்புப் புள்ளி காட்டுற ரெட் டாட் ஃபைண்டர்ல இருக்குற பட்டன் பேட்டரிய கழட்டிடுங்க, ஒழுகிடுச்சுன்னா உள்ள இருக்குறத எல்லாம் தின்னுடும்.

முன்னாடி லென்ஸுக்கு பதிலா டியூபுக்கு அடியில முகம் பாக்குற மாதிரி கண்ணாடி வச்ச நியூட்டோனியன் டைப்புன்னா இன்னும் ஜாக்கிரதை. வீட்டு கண்ணாடிக்கு பூச்சு பின்னாடி இருக்கும், இதுக்கு அலுமினியம் பூச்சு முன்னாடியே இருக்கு, டிஷ்யூ எடுத்து ஒரு தேய் தேய்ச்சா கோடு விழுந்துடும். லேசா தூசி இருந்தா தொடவே வேணாம், படம் ஒண்ணும் குறையாது. ரொம்ப அழுக்குன்னா கழட்டி மொதல்ல குழாய்த் தண்ணிய மெதுவா ஓட விட்டு தூசிய போக்குங்க, அப்புறம் வெதுவெதுப்பான தண்ணில ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு ஊற வச்சு, பஞ்ச அழுத்தாம மேல இழுத்து விடுங்க, கடைசியா டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி சாய்ச்சு நிறுத்தி காய வச்சா முடிஞ்சது. திரும்ப மாட்டுனதும் பின்னாடி மூணு ஸ்குரூவ திருப்பி கண்ணாடியோட சாய்வ நேர் பண்ணணும், நடுவுல சின்ன ஓட்டை போட்ட மூடி ஒண்ணு இருந்தா அதுல பாத்தே செஞ்சிடலாம். சிலதுல டப்பால 114க்கு 1000 மில்லிமீட்டர்னு (கண்ணாடி அகலம் 114, வெளிச்சம் குவியுற தூரம் 1000) போட்டிருக்கும், டியூப் பாத்தா அரை மீட்டர்தான் இருக்கும், அந்த ரகத்துல உள்ள இன்னொரு லென்ஸ் இருக்கு, நேர் பண்றது தலைவலி, பழகுனவங்ககிட்ட குடுத்துடுங்க.

லென்ஸ் டைப்புல முன்னாடி ரெண்டு கண்ணாடி சேந்திருக்கும். அத பிரிக்காதீங்க, வெளிப்பக்கம் மட்டும் தூசிய ஊதிட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல தொடைங்க. ஃபோகஸ் திருப்ப கஷ்டமா இருந்தா பழைய கிரீஸ் பசை ஆயிருக்கும், அத வழிச்சிட்டு புது கிரீஸ் போடுங்க, ஸ்பிரே அடிச்சா எண்ணெய் லென்ஸுக்கு போயிடும்.

டப்பா மேல 675 மடங்குன்னு போட்டத நம்பி, மங்கலா தெரியுது ரிப்பேருன்னு கொண்டு வர்றவங்களும் உண்டு. 60 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 120 மடங்குக்கு மேல உருப்படியா ஒண்ணும் தெரியாது. சின்ன ஈக்வடோரியல் ஸ்டாண்டுல (வானம் சுத்துறதுக்கு ஏத்தபடி திருப்புறது) சாய்வ ஊரோட அட்சரேகைக்கு வைக்கணும், நிறைய நம்ம பினாங்கோட 5 டிகிரிக்கு எறங்காது, வெயிட் கம்பி போய் ஸ்டாண்டு காலுல இடிக்கும், அதுவும் ரிப்பேர் இல்ல, ஐரோப்பா பக்கத்துக்கு ஏத்தபடி செஞ்சது.

ஒண்ணு மட்டும் ரிப்பேர் பண்ணாம தூக்கிப் போட்டுடுங்க. பழைய செட்டுல ஐபீஸ்ல திருகுற மாதிரி 'சன்' ஃபில்டர் ஒண்ணு வரும், சூரியன் சூடு முழுக்க குவியுற எடத்துல அது இருக்கும், பட்டுனு வெடிச்சா கண்ணு போச்சு. சூரியன பாக்க ஃபில்டர் டியூபுக்கு முன்னாடிதான் இருக்கணும், ஃபைண்டரயும் மூடி வைக்கணும்.

தமிழ்ப்பள்ளி அறிவியல் ரூம்லயும் இப்படி தூங்குற டெலஸ்கோப் இருக்கு. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்காரங்க புதுசுக்கு வசூல் பண்றதுக்கு முன்னாடி அந்த அலமாரிய ஒரு தடவ தொறந்து பாக்கட்டும். நீங்களும் அடுத்த கிரகணச் செய்தி போடும்போது அந்த சன் ஃபில்டர் விஷயத்த மட்டுமாவது கீழ கட்டம் கட்டி போடுங்க ஐயா.

இப்படிக்கு,
பழைய கேமரா ரிப்பேர்காரன்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு