26 வாரம், மகள்

மகள்,

போனில் கதைத்தால் நீ "பிறகு எடுக்கன் அம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதுதான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மாரி நன்றாகப் பிடித்துவிட்டது. அப்பா விடிய எழும்பிப் படுவான்கரைக்கு வயல் பார்க்கப் போனால் இருட்டுப்படத்தான் வருகிறார், சீனி வருத்தத்துக் குளிசையை மறக்கிறார், நான் கத்துகிறேன். மாமா வீட்டு மதில் கட்டி முடிந்தது. சரி, அதெல்லாம் இருக்கட்டும்.

உனக்கு இப்போது 26 வாரம் என்று உன் மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஸ்கேன் படமும் முதலில் அவவுக்குத்தான் வந்திருக்கிறது. பரவாயில்லை, அவவும் ஆசையோடு காத்திருந்த மனுசிதான். ஆனாலும் பெத்தவளுக்கு ஒரு வரி எழுத உனக்கு நேரமில்லையா?

முதல் 3 மாதம் நீ பட்ட பாடு தெரியும். தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, ஆனாலும் லண்டன் குளிரில் ரயில் ஏறி வேலைக்குப் போனாய் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். எனக்கும் பெருமைதான் புள்ள. ஆனால் அந்தப் பிடிவாதம் இனி வேண்டாம். ஓங்காளம் பெரும்பாலும் 16, 20 வாரத்துக்குள் விட்டுவிடும், நடு 3 மாதம் உடம்பு கொஞ்சம் இலேசாகும், பசிக்கும், பிள்ளை அசைவது தெரியத் தொடங்கும், இனி ஒன்றுமில்லை என்று நினைக்கத் தோன்றும். அந்த நினைப்புக்குத்தான் நான் பயப்படுகிறேன். 20 வாரத்துக்குப் பிறகுதான் பிரஷர் சத்தமில்லாமல் ஏறும்.

சின்னம்மாவின் மகளுக்கும் 5 மாதம். மிட்வைஃப் வீட்டுக்கே வந்து பார்க்கிறா. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் நிறை, பிரஷர், சலம் எல்லாம் பார்த்து அட்டையில் எழுதுகிறார்கள். இரும்புக் குளிசை, கல்சியம், திரிபோஷா சத்துமா கொடுக்கிறார்கள். அவளோடு துணைக்கு என்று நானும் போனேன், உண்மையில் உன்னைப் பற்றி மிட்வைஃபிடம் கேட்கத்தான் போனேன். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்க வேண்டாமாம், சாப்பாட்டில் உள்ள இரும்பு உடம்பில் சேராதாம். நீ தேத்தண்ணி இல்லாமல் இருக்கமாட்டாய், இருந்தாலும் ஒரு மணித்தியாலம் பொறு. இரும்புக் குளிசையைத் தோடம்பழத்தோடு எடு. அங்கே வெயில் இல்லை, விட்டமின் டி குளிசையை விட்டுவிடாதே. இன்னொன்று, தமிழ்க் கடையில் சுறா கிடைக்கிறது என்று சொன்னாயே, வறை செய்து சாப்பிட ஆசை வரும், ஆனால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சுறா வேண்டாம். பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், அது பிள்ளையின் மூளைக்குக் கூடாது. பிறந்த பிறகு பால் சுரக்கச் சுறா வறை கொடுப்பது நம்மட வழக்கம்தான், அப்போதும் அளவாகத்தான். இப்போது நெத்தலி சாப்பிடு, கீரை சாப்பிடு.

போன கிழமை நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விரலில் தாலிகட்டுக்குப் போட்ட மோதிரம் இல்லை. காலில் மருமகனின் செருப்பு. முகமும் உன் முகமாக இல்லை. மாமியும் பக்கத்தில் இருந்ததால் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாலும் குளிர் என்பாய், நித்திரை இல்லை என்பாய்.

பின்நேரத்தில் கால் வீங்குவது பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு உள்ளதுதான், காலைத் தூக்கி வைத்தால் வற்றிவிடும். ஆனால் கையும் முகமும் திடீரென்று ஊதினால், தலையிடி விடாமல் இருந்தால், கண்ணுக்கு முன்னால் வெளிச்சம் மின்னினால் அல்லது மங்கினால், வலது பக்க விலாவுக்குக் கீழே நொந்தால், இந்த மாதத்தில் திரும்பச் சத்தி வந்தால், அதற்குப் பனடோலைப் போட்டுப் படுக்கக்கூடாது. அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போன் எடு. பிரஷர் 140க்கு 90 வந்தாலே கவனம். சலத்தில் புரதம் போனால் இன்னும் கவனம். சில வேளை உடம்பில் ஒரு குறியும் காட்டாமலே ஏறும், அதனால்தான் ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்கிறேன், வேலையில் கூட்டம் இருக்கிறது என்று ஒரு கிளினிக்கைக்கூட விடாதே.

உன்னை எட்டாம் மாதத்துப் பிள்ளை, அவசரக்காரி என்று அம்மம்மா சொல்லுவா. நீ அவசரப்படவில்லை மகள். 1996இல் உன்னை வயிற்றில் வைத்திருந்தபோது என் கை வீங்கி வளையலை வெட்டித்தான் எடுத்தார்கள். இரவெல்லாம் தலையிடி, கண்ணுக்குள் மின்மினி பறக்கிற மாதிரி. இரவில் வீதியில் இறங்க முடியாத காலம் அது, விடிந்த பிறகுதான் மாமா வான் பிடித்தார், சோதனைச் சாவடிகள், பழைய கல்லடிப் பாலத்தில் இன்னொரு காத்திருப்பு. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பார்த்தபோது 190க்கு 120. பிள்ளையை வெளியே எடுத்தால்தான் தாய் தப்புவாள், வைத்திருந்தால் வலிப்பு வந்துவிடும் என்று டொக்டர் அப்பாவிடம் சொன்னாராம். அப்பா கையெழுத்து வைத்தார். நீ ஒரு கையில் அடங்குகிற அளவு இருந்தாய். பெரியம்மாவின் கதை உனக்குத் தெரியும், அதை இங்கே எழுதவில்லை.

இதை உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. தாய்க்கு இந்தப் பிரஷர் இருந்தால் மகளுக்கும் வரும் வாய்ப்புக் கூட. முதல் பிள்ளை என்றால் இன்னும் கூட. இதை உன் டொக்டருக்குச் சொன்னாயா? சொல்லாவிட்டால் நாளைக்கே சொல். வரக்கூடியவர்களுக்கு 12 வாரத்தில் இருந்தே சின்ன அளவில் ஆஸ்பிரின் கொடுப்பார்களாம். உனக்கு அப்படி ஏதும் தந்தார்களா? நீயாக வாங்கிப் போடாதே, கேள். அப்பாவுக்குச் சீனி இருப்பதையும் சொல், சீனிச் சோதனை 24 வாரத்துக்கும் 28 வாரத்துக்கும் இடையில்தான் செய்வார்கள், உனக்கு இன்னும் 2 வாரம்தான் இருக்கிறது. எனக்குப் பிரஷர், அப்பாவுக்குச் சீனி, இரண்டையும் சொல்.

28 வாரத்துக்குப் பிறகு நிமிர்ந்து படுக்காதே, ஒரு பக்கமாகச் சரிந்து படு. பிள்ளையின் துடிப்பு உனக்குத்தான் தெரியும், வழமையைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் விடியட்டும் என்று இருக்காதே. அங்கே பிரசவ விடுதிக்கு இரவிலும் போன் எடுக்கலாம் என்று நீதான் முதலில் சொன்னாய். யாரையும் தொந்தரவு செய்கிறோம் என்று யோசிக்காதே. நீ சின்ன வயதில் இருந்தே அப்படித்தான், காய்ச்சல் வந்தாலும் சொல்லமாட்டாய், நான் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். இப்போது என்னால் தொட்டுப் பார்க்க முடியாது மகள்.

கண்ணகி அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன், அது என் வேலை. கிளினிக் உன் வேலை. விசாவுக்குத் தேவையான கடிதத்தை மருமகன் அனுப்பட்டும், வெள்ளாமை வெட்டு அப்பாவோடு போகட்டும், நான் உன் பிரசவத்துக்கு முன் வந்துவிட வேண்டும். பிள்ளை பிறந்த பிறகும் சில கிழமைக்கு இந்தப் பிரஷர் ஏறலாம், அப்போது உன்னோடு ஆள் வேண்டும். சரக்குச் சாமான் எல்லாம் காயவைத்து எடுத்து வருகிறேன்.

கடைசியாகப் பார்த்த பிரஷர் எவ்வளவு? மேலே ஒரு எண், கீழே ஒரு எண், இரண்டையும் எழுது. எத்தனை என்றாலும் எழுது, நான் அழமாட்டேன். மோதிரத்தைப் பற்றியும் எழுது. இந்தக் கடிதத்தை மருமகனுக்கும் வாசிக்கக் கொடு. தலையிடியும் கண் மங்கலும் விலா நோவும் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கும் தெரிய வேண்டும், உனக்கு இயலாமல் போகும் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுக்கப்போவது அவர்தான்.

அம்மா
களுவாஞ்சிகுடி