ஸ்கின் போன விஷயமாக

வணக்கம் மக்களே. நேத்து ராத்திரி நம்ம குழுத் தம்பி ஒருத்தனோட கேம் கணக்கில் இருந்த ஸ்கின் (கேம்ல ஆளுக்கும் ஆயுதத்துக்கும் போடுற அலங்காரத் தோற்றம்) அத்தனையும் போயிடுச்சு. 'இலவச டைமண்ட்'னு (கேம்ல செலவு பண்ற காசு) வந்த லிங்க்ல பாஸ்வேர்டைப் போட்டு, கூடவே ஓடிபியையும் கொடுத்திருக்கான். அதுக்கு ரெண்டு பேர் சிரிப்பு ஸ்டிக்கர். "கேம்ல போன கத்திக்கு இவ்வளவு அழுகையா?"ன்னு ஒரு கேள்வி வேற.

நெதர்லாந்தில் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2007-ல லீவார்டன் ஊரில் 13 வயசுப் பையனை ரெண்டு பசங்க அடிச்சு, கத்தியைக் காட்டி மிரட்டி, ரூன்ஸ்கேப்ங்கிற ஆன்லைன் கேம்ல அவன் வச்சிருந்த தாயத்தையும் முகமூடியையும் பறிச்சுக்கிட்டாங்க. கேம்ல இருக்கிறது பொருளே இல்லைன்னு பறிச்சவங்க தரப்பு வாதம். 2012 ஜனவரி 31-ல கோர்ட் ஒத்துக்கலை. நேரமும் உழைப்பும் போட்டுச் சேர்த்தது, அவன் கைவசம் இருந்தது, பறிச்சதும் அவன்கிட்ட இல்லை, அப்போ திருட்டுதான். (1921-லயே ஒரு பல் டாக்டர் கரண்ட் திருடின வழக்கில், கரண்டும் திருடக்கூடிய பொருள்தான்னு சொன்ன கோர்ட் அது!)

சிரிச்சவங்க ஸ்டிக்கரை டெலீட் பண்ணிடுங்க. மத்தவங்க இன்னைக்கே டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் பண்ணுங்க. ஓடிபியை அட்மின் கேட்டாலும் தராதீங்க, நான் கேட்டாலும்தான். தம்பி, டாப்-அப் பண்ண ரசீது, அந்த லிங்க்கோட ஸ்கிரீன்ஷாட் ரெண்டையும் எனக்குத் தனியா அனுப்பு. சாயங்காலம் உட்கார்ந்து புகார் எழுதுவோம்.

— அட்மின்