டார்ச்சுக்கு எதற்கடா 80 வாட்?

அன்புள்ள கதிருக்கு,

நீ அனுப்பிய போட்டோ வந்தது. "டார்ச் லைட் பேட்டரிப்பா, மேல் உறை கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, டேப் ஒட்டிக்கலாமா? 80 வாட் தாங்குமா?" என்று கேட்டிருந்தாய். ரிச்சி தெருவில் 26 வருஷம் லேப்டாப் பேட்டரியைப் பிரித்துக் கட்டிய ஆளிடமா இந்தக் கதை? டார்ச்சுக்கு எதற்கடா 80 வாட்? போட்டோவின் ஓரத்தில் அந்த வேப் டப்பாவின், அதாவது இ-சிகரெட்டின், மூடியும் விழுந்திருக்கிறது. அம்மாவிடம் காட்டவில்லை. புகை பிடிப்பதைப் பற்றிய சண்டையைத் தனியாக வைத்துக்கொள்வோம், அது நிச்சயம் உண்டு. இன்று பேட்டரியை மட்டும் பேசுகிறேன்.

டேப் ஒட்டாதே. நீ அனுப்பியது 18650 செல், 18 மில்லிமீட்டர் அகலம், 65 மில்லிமீட்டர் நீளமுள்ள லித்தியம் பேட்டரி. அதில் பாசிட்டிவ் என்பது மேலே இருக்கிற அந்தச் சின்னப் பொட்டு மட்டும்தான். பக்கவாட்டு, அடி, மேல் விளிம்பு எல்லாமே நெகட்டிவ். நடுவில் இருப்பது ஒரு மெல்லிய வளையமும் காகிதம் போன்ற அந்தப் பிளாஸ்டிக் உறையும். உன் போட்டோவில் கிழிசல் சரியாக மேல் விளிம்பில் இருக்கிறது. அங்கே உலோகம் உரசினால் ஷார்ட்தான். புது உறை காசுக்குப் பெறாத விலை, சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஆனால் உன் செல்லுக்கு அதுவும் வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

நீ வாங்கியிருப்பது சாம்சங் 35இ, 3500 எம்ஏஎச். நம்பர் பெரிசாக இருந்ததால் எடுத்திருப்பாய். எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். எம்ஏஎச் என்பது தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்கிற கணக்கு. உனக்கு வேண்டியது குழாயின் அகலம், அதாவது தொடர்ந்து எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்பது. ஒரே அளவு டப்பாவுக்குள் ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். அந்த 35இ தொடர்ந்து 8 ஆம்பியர்தான் தரும். இப்போது வாட்டை வோல்ட்டால் வகுத்துப் பார். சார்ஜ் இறங்கி 3.2 வோல்ட்டில் நிற்கும்போது 80 வாட் கேட்டால் 25 ஆம்பியர். சர்க்யூட்டில் வீணாவதையும் சேர்த்தால் 27, 28. எட்டு கொடுக்கிறவனிடம் இருபத்தெட்டு கேட்கிறாய். அது சூடாகாமல் என்ன செய்யும்?

சாம்சங் 25ஆர் என்றால் 2500 எம்ஏஎச், 20 ஆம்பியர். முராட்டாவின் விடிசி5ஏ 2600, 25 ஆம்பியர். சோனி பேட்டரித் தொழிலை 2017-இல் முராட்டாவுக்கு விற்றுவிட்டது, அதனால் இரண்டு பேரிலும் பார்ப்பாய். ஒற்றை செல் டப்பா என்றால் இவற்றில் ஒன்றைப் போட்டு 50 வாட்டைத் தாண்டாதே. உறையில் "பல்ஸ்" என்று போட்டு 40, 50 ஆம்பியர் எழுதியிருந்தால் அதைக் கணக்கில் எடுக்காதே, அது நொடிக்கணக்கு. சர்க்யூட்டே இல்லாத வெறும் குழாய் மாதிரி ஒரு ரகம் விற்கிறார்கள், அதன் பக்கம் போகவே வேண்டாம். ஆவி கிளப்பச் சூடாகிற கம்பிச் சுருள் 0.2 ஓமில் மாட்டினால் நேராக 21 ஆம்பியர் இழுக்கும், தடுக்க உள்ளே ஆள் கிடையாது.

ஒரு தடவை கடைக்கு 9800 எம்ஏஎச் என்று அச்சடித்த செல் வந்தது. தராசில் வைத்தேன். நல்ல 18650 எப்படியும் 45 கிராம் பக்கம் வரும், அது 28-இல் நின்றது. பிரித்தால் உள்ளே விரல் மாதிரி ஒரு குட்டி செல், சுற்றிலும் வெள்ளைப் பொடி. 18650-இல் 3600-க்கு மேல் எவன் போட்டிருந்தாலும் திரும்பிப் பார்க்காதே.

பாக்கெட்டில் போடுகிற பழக்கம் இருக்கிறதா? நம் கடைப் பையன் இரண்டு செல்லைச் சாவிக்கொத்தோடு பேண்ட் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனான். பாம்பு மாத்திரை கொளுத்தினது போல ஒரு சீறல். பேண்ட்டைக் கழற்றுவதற்குள் தொடையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போய்விட்டது. அமெரிக்காவில் 2009-இலிருந்து 2016 வரை இந்த வேப் தீ விபத்துகளைத் தொகுத்து அரசே ஓர் அறிக்கை வெளியிட்டது. மொத்தம் 195, அதில் 61 பாக்கெட்டுக்குள்ளேயே நடந்தவை. செல்லுக்கென்று பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது, அதில் போட்டு வை.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். இந்த செல்லைச் செய்கிற பெரிய கம்பெனிகளே இதைத் தனியாகக் கையில் கொடுப்பதற்காகச் செய்யவில்லை என்றுதான் சொல்கிறார்கள். லேப்டாப் பேக்குக்குள் காவலுக்கு ஒரு போர்டு உண்டு. தனி செல்லுக்கு நீதான் காவல். அதற்குச் சோம்பல் என்றால் பேட்டரி உள்ளேயே பொருத்திய டப்பா வாங்கிக்கொள், எனக்கு அதுதான் நிம்மதி.

சார்ஜ் தனிச் சார்ஜரில், 1 ஆம்பியரில், நீ விழித்திருக்கும்போது. படுக்கையில் வைக்காதே. இரண்டு செல் போடுகிற டப்பா என்றால் ஒன்றாக வாங்கியதை ஒன்றாகவே போட்டு ஒன்றாகவே சார்ஜ் செய்.

பொங்கலுக்கு வரும்போது இதையெல்லாம் மான்செஸ்டரிலேயே விட்டுவிட்டு வா. இங்கே 2019-இலிருந்து இ-சிகரெட்டுக்குத் தடை. கொண்டுவருவதும் குற்றம்தான், முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது லட்ச ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் போடலாம். ஏர்போர்ட்டில் உனக்காகக் காத்து நிற்கிற அம்மாவுக்கு நான் என்ன சொல்வேன்?

அந்தக் கிழிந்த செல்லைக் குப்பையில் எறியாதே. டேப் கேட்டாயே, அதை இரண்டு முனையிலும் ஒட்டி, சூப்பர் மார்க்கெட்டில் பழைய பேட்டரிக்கு வைத்திருக்கிற பெட்டியில் போடு. போட்டதும் ஒரு போட்டோ அனுப்பு. இந்தத் தடவை டார்ச் என்று எழுதாதே.

அப்பா