வைரல் வீடியோவுக்குத் தேதியும் ஊரும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாட்ஸ்அப்பிலும் எக்ஸ் தளத்திலும் பரவும் பதிவுகளைப் பற்றி நாளிதழ்கள் வெளியிடும் உண்மை சரிபார்ப்புச் செய்திகளைத் தொடர்ந்து வாசித்து வருபவன் என்ற முறையில் ஒரு கோரிக்கையுடன் இக்கடிதத்தை எழுதுகிறேன். அச்செய்திகள் பெரும்பாலும் 'இது போலி' அல்லது 'இது உண்மை' என்ற முத்திரையோடு முடிந்துவிடுகின்றன. ஆனால் மக்களைத் தூண்டிவிடும் பதிவுகளில் பல முழுப் பொய்யாக இருப்பதில்லை. காட்சி எங்கோ ஓரிடத்தில் உண்மையாகவே எடுக்கப்பட்டதாக இருக்கும். அது எந்த ஊர், எந்த நாள், அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பவை மட்டும் நீக்கப்பட்டிருக்கும்.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் பணிபுரிவதால் 2023 மார்ச் மாதத்தை என்னால் மறக்க இயலவில்லை. பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று இந்தியில் ஓரிரு வரி எழுதி, அதனுடன் வெட்டுக்குத்துக் காட்சிகளை இணைத்துப் பரப்பினார்கள். எங்கள் செக்கிங் பிரிவில் இருந்த பீகார் இளைஞர் ஒருவர், ஊரிலிருந்து அவருடைய தாயார் அழுதுகொண்டே அனுப்பிய அந்த வீடியோவை என்னிடம் காட்டி, இது நம் ஊரில் எந்த இடம் என்று கேட்டார். அந்த வீடியோவில் கடைப் பெயர்ப் பலகையோ, பேருந்தோ, இடத்தைச் சொல்லும் வேறு எதுவுமோ தெரியவில்லை. அப்போது காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு அளித்த விளக்கத்தின்படி, பரப்பப்பட்ட இரண்டு காட்சிகளுமே பழையவை. ஒன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்கு இடையே நடந்த மோதல். மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். அடிதடி உண்மைதான். யார் யாரை அடித்தார்கள் என்பதை மட்டுமே மேலே எழுதிய அந்த வரிகள் மாற்றின. மார்ச் 8 ஆம் தேதி ஹோலி என்பதால் ஊருக்குக் கிளம்பிய தொழிலாளர்களால் ரயில் நிலையங்கள் நிரம்பி வழிய, அந்தக் கூட்டத்தையும் 'உயிருக்கு அஞ்சி ஓடுகிறவர்கள்' என்று காட்டினார்கள்.

இதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், இதே ஊரில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழர்களை விரட்டும் காட்சி தமிழில் பரவியதையும் இங்கே சொல்லியாக வேண்டும். டீக்கடை ஒன்றில் எழுந்த வாய்த்தகராறே அதன் தொடக்கம் என்று போலீசார் பின்னர் விளக்கினர். அந்தத் தகராறு அந்த வீடியோவில் இல்லை; துரத்தும் காட்சி மட்டுமே இருந்தது. ஆகவே இது ஒரு மொழிக்காரர்கள் மட்டும் செய்யும் வேலை அன்று.

நீக்கப்பட்ட சில நொடிகள் எவ்வளவு கொடியவை ஆகலாம் என்பதற்கு 2018 இல் நாடெங்கும் சுற்றிய குழந்தைக் கடத்தல் வீடியோவே சான்று. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வதாக அது முடிகிறது. உண்மையில் அது கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக ஓர் அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். அதன் முடிவில் அவர்களே திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்த முடிவை வெட்டிவிட்டுத்தான் இங்கே பரப்பினார்கள். இத்தகைய வதந்திகள் பரவியிருந்த அந்த ஆண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த முதிய பெண் ஒருவர் கடத்தல்காரர் என்ற சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார்.

எனவே ஒரு பதிவைப் பார்த்தவுடன் 'இது மெய்யா' என்று கேட்பதற்கு முன், 'இதில் எது இல்லை, இது என்னை என்ன செய்யச் சொல்கிறது' என்று கேட்கும் பழக்கம் வேண்டும். 'இதை எந்த டிவியும் காட்டாது, அழிக்கப்படுவதற்குள் பகிருங்கள்' என்ற வாசகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் பாதி, சரிபார்க்க நாம் நாடக்கூடிய இடங்களை எல்லாம் முன்கூட்டியே நம்பத்தகாதவை ஆக்கிவிடுகிறது. இரண்டாம் பாதி, யோசிப்பதற்கான நேரத்தைப் பறிக்கிறது. நடந்தது என்ன என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. பெயரோ எண்ணிக்கையோ சொல்லாமல் 'அவர்கள்' என்றும் 'நம் பெண்கள்' என்றும் மட்டும் எழுதும் பதிவுகளையும் இவ்வாறே நிறுத்திப் படிக்க வேண்டும். தொலைக்காட்சிகளின் சின்னத்தோடு வரும் நியூஸ் கார்டு என்றால், அதே தேதியில் அந்தத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்தில் அது இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

வாட்ஸ்அப் நிறுவனம் 2018 இல் இந்தியாவில் வந்த ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்துக்கும் மேற்பட்ட நபர்களுக்கோ குழுக்களுக்கோ பகிர முடியாதவாறு வரம்பு வைத்தது. பலமுறை கைமாறிய செய்திக்கு 2020 முதல் அந்த வரம்பு ஒன்றாகச் சுருங்கியது. இவை வேகத்தைக் குறைக்குமே தவிர, அனுப்புகிறவரின் மனத்தை மாற்றா. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய செய்திகளை ஆராய்ந்து 2018 இல் வெளியான ஆய்வு ஒன்று, பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு மெய்ச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம் என்றும், அதற்கு முக்கியக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்களே என்றும் கண்டது.

இந்நிலையில் நாளிதழ்களே 'இணையத்தில் வைரலாகும் அதிர்ச்சி வீடியோ' என்று தேதியும் இடமும் இல்லாமல் செய்தி வெளியிடுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அச்சில் வந்துவிட்டால் அதுவே அடுத்த நூறு குழுக்களுக்குச் சான்றாகிவிடுகிறது. ஆகவே, எடுக்கப்பட்ட நாளும் ஊரும் உறுதியாகாத எந்தக் காட்சியையும் தங்கள் நாளிதழ் வெளியிடாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உண்மை சரிபார்ப்புப் பகுதியில், பரவும் பதிவை அதன் வாசகத்தோடு எடுத்து வைத்து, எந்தப் பகுதி வெட்டப்பட்டது, எந்தச் சொல் சேர்க்கப்பட்டது என்பதை வரிவரியாக விளக்கினால், அதைப் படிக்கும் மாணவர்கள் அடுத்து வரும் பதிவைத் தாங்களே பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வார்கள். விளக்கம் சில நாள் தாமதமானாலும் பரவாயில்லை. முதல் செய்தி எந்தப் பக்கத்தில் எவ்வளவு இடத்தில் வந்ததோ, அதே பக்கத்தில் அதே அளவில் அது வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருப்பூர்.