சுங்கை பினாங்கில் இறங்க நாள் குறிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜார்ஜ்டவுன் ஆலய நிர்வாகத்தினருக்கும், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும், ஊழியர்களை ஆற்றுக்கு அனுப்பும் நிறுவனங்களுக்கும் வணக்கம்.

சுங்கை பினாங் ஆற்றைச் சுத்தம் செய்யும் கோத்தோங் ரோயோங்குக்கு (கூட்டுப்பணிக்கு) நாள் குறிக்கும்போது எல்லாரும் விடுமுறைப் பட்டியலைத்தான் புரட்டுகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது கடல் ஏற்ற இறக்க அட்டவணை. ஜெலுத்தோங் பக்கத்துக் கீழாற்றில் கடல்நீர் நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. இன்றைய வற்றம் நாளை ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ‘மாதந்தோறும் முதல் ஞாயிறு, காலை 8 மணி’ என்று பேனர் அடித்துவிட்டால், சில மாதங்களில் நீர் ஏறியிருக்கும் நேரத்தில்தான் போய் நிற்பீர்கள். கரைக்கல் இடுக்கில் சிக்கிய குப்பை அப்போது கண்ணிலேயே படாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் நன்றாகக் கீழே போகும்; அந்த வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இறங்கி, வற்றம் கழிந்து ஒரு மணி நேரத்துக்குள் எல்லாரும் கரையேறிவிட வேண்டும்.

ஜெலுத்தோங்கில் வெயில் காய்ந்தாலும் ஆயர் ஈத்தாம் மலைப்பக்கம் மழை கொட்டினால் ஆறு சட்டென்று பெருகும். மழை நின்று இரண்டு நாள் பொறுத்துத்தான் இறங்கலாம்.

அடுத்து லாரி. இதில்தான் பெரும்பாலான முயற்சிகள் கவிழ்கின்றன. 300 பேர் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், கட்டிய மூட்டைகள் கரையிலேயே கிடக்கின்றன. இரவில் நாயும் உடும்பும் கிழிக்கும். அடுத்த ஏற்றம் மிச்சத்தை அள்ளிக்கொண்டு போகும். குப்பை, பத்து மாவுங் என்ற ஊரிலுள்ள மாற்று நிலையம் வழியாகப் பூலாவ் பூரோங் குப்பைக் கிடங்குக்குப் போக வேண்டியது. அதை எந்த லாரி, எத்தனை மணிக்கு, எந்தப் பாலத்தடியில் ஏற்றும் என்பதை மாநகர் மன்றத்திடம் எழுத்தில் வாங்கிய பிறகு ஆள் சேருங்கள். 30 பேரும் ஒரு லாரியும் போதும். பத்துப் பேர் ஆற்றில், பதினைந்து பேர் மூட்டையைக் கைமாற்ற, மற்றவர்கள் தரம் பிரிக்கவும் எடை போடவும். சிறுவர்களைச் சேற்றில் இறக்க வேண்டாம். எடைக்குறிப்பு எழுதும் வேலையை அவர்கள் நன்றாகவே செய்வார்கள்.

கறுப்புக் குப்பைப் பை ஆற்று வேலைக்கு ஆகாது. நீர் வடியாது, கல்லில் உரசினால் கிழியும். பழைய அரிசிச் சாக்கு அல்லது உரச் சாக்கு எடுங்கள். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஈரக்குப்பையில் அரைச் சாக்கே 15 கிலோவைத் தாண்டும். வண்டல் அடைத்த பிளாஸ்டிக் பை கிடைத்தால், கத்தியால் கீறி மண்ணை ஆற்றிலேயே கொட்டிவிட்டுப் பையை மட்டும் போடுங்கள். மண்ணைச் சுமந்தால் உடம்பு வலியும் லாரிக் கூலியும்தான் மிச்சம். சாக்கை உடம்போடு அணைத்துத் தூக்கக்கூடாது: சாத்தே (இறைச்சி வாட்டும்) குச்சியும் ஊசியும் உள்ளே இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், உள்ளங்கையில் ரப்பர் பூசிய தடித்த கையுறை, இரண்டு மீட்டர் கைப்பிடியுள்ள வாரி. இது மூன்றும் இல்லாதவர் கரையில் நிற்கட்டும்.

நீரில் ஊறிய மெத்தை, சோபா இவற்றோடு மல்லுக்கட்டாதீர்கள். கயிறு கட்டி அடையாளம் வைத்தால் கிரேன் லாரி எடுத்துக்கொள்ளும். கார் பேட்டரி, பெயிண்ட் டின், எஞ்சின் எண்ணெய்க் கலன் ஆகியவற்றைத் தனி வாளியில் வையுங்கள். சாக்கில் கலந்தால் மொத்தமும் நாசம். கரையைத் தாங்கும் கம்பிவலைக் கற்கூடையில் பின்னிக்கொண்ட துணியை இழுக்காதீர்கள், வெட்டி எடுங்கள். இழுத்தால் கம்பி அறும், அடுத்த வெள்ளத்தில் கரை சரியும்.

குப்பையைப் பிடிக்க ஆற்றின் குறுக்கே மிதக்கும் தடுப்பு போட்ட இடத்தில் போய் அள்ளுவது எங்கள் பார்வையில் வீண்வேலை. அங்கே குத்தகையாளர் அள்ளத்தான் போகிறார். படம் அழகாக வரும் என்பது வேறு விஷயம். தடுப்பு பிடிப்பது மூடி போட்ட பாட்டிலையும் போலிஸ்டைரினையும். நீர் புகுந்த பை, துணி, மூடியில்லாத பாட்டில் எல்லாம் அடியில் நழுவிப்போகும். வளைவுகளிலும் கால்வாய் வந்து கலக்கும் வாய்களிலும் ஆளை நிறுத்துங்கள்.

ஒரே கால்வாய் வாயில் ஒரே வகைக் குப்பை திரும்பத் திரும்பக் கிடைத்தால் குறித்துவையுங்கள். அந்தக் குறிப்பைக் காட்டித்தான் அங்கே கம்பிவலை கேட்க முடியும். வலை போட்டால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும்; இல்லாவிட்டால் வலை அடைத்துக்கொண்டு வெள்ளம் தெருவுக்கு வரும். தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் போடும் குழுக்கள் பந்தலுக்கு அருகிலுள்ள கால்வாய் வாய்க்கு அந்த மூன்று நாளும் வலை கட்டிக் காத்தாலே, குவளைகள் ஆயர் தெர்ஜுன் கிளையாறு வழியாகச் சுங்கை பினாங்குக்கு வராது.

கடைசியாக எலிச்சிறுநீர்க் காய்ச்சல். காலில் வெட்டு, புண் இருப்பவரை இறக்க வேண்டாம். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சுத்தமான குழாய்நீர் கரையில் இருக்க வேண்டும், சாப்பாட்டுப் பொட்டலம் அதன் பிறகே. கிருமி தொற்றினால் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் வரும். ஒரு மாதம் வரைகூட ஆகலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், கிளினிக்கில் டாக்டர் கேட்பதற்கு முன்பே ‘ஆற்றில் இறங்கினேன்’ என்று சொல்லும்படி வந்தவர் ஒவ்வொருவருக்கும் அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
சுங்கை பினாங் துப்புரவுத் தொண்டர்கள்