தஞ்சாவூர் ஆட்டோ அண்ணே, இது உங்களுக்குத்தான்

போன ஞாயித்துக்கிழமை எங்க தெரு பிள்ளைங்களுக்கு கதை சொல்ல கொல்லிமலைலேர்ந்து ஒரு தாத்தா வர்றதா இருந்துச்சு. 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, பஸ் மாறி மாறி வந்த மனுஷன், தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுல போன் ஆஃப் ஆகி திகைச்சு நின்னுருக்காரு. நீங்கதான் அண்ணே டீ வாங்கிக் குடுத்து, அவரு பையில இருந்த அட்ரஸ் சீட்ட வாங்கிப் படிச்சு, பாபநாசம் தாண்டி எங்க வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டீங்க.

அதுகூட பரவால்ல. காஞ்சிபுரத்துலேர்ந்து வந்த அண்ணன் தம்பி மூணு பேரு சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலைன்னு ஆளுக்கொரு மலை ஏறின கதைய தாத்தா ஆரம்பிச்சா, நம்ம பசங்க ஒருத்தன் வாயத் திறக்கல. உம் கொட்ட ஆளில்லாம அவரு நிறுத்தி நிறுத்தி பார்க்குறாரு, எங்களுக்கோ ஒண்ணும் புரியல. திண்ணை ஓரமா நின்ன நீங்க "ம்... ம்... அப்பறம்?"னு ஆரம்பிச்சீங்க பாருங்க! அரப்பளீஸ்வரர் கோயில் ஆத்துல அறுத்த மீனு ஒட்டி உசுரோட துள்ளின கதை வர்றப்ப மொத்த தெருவும் உம் கொட்டுது. ரெக்கார்டிங்ல உங்க குரல்தான் முதல்ல கேக்குது.

திரும்பிப் பார்த்தா ஆளக் காணோம், சவாரி காசும் வாங்கல. உங்களுக்குன்னு தாத்தா மலை மிளகு ஒரு பொட்டலம் குடுத்துட்டுப் போயிருக்காரு. அந்த ஸ்டாண்ட்ல யாருக்காவது அண்ணனத் தெரிஞ்சா சொல்லிவிடுங்கப்பா.