ஏழு கறி ஆவியும் கரும்புச் சக்கைப் பலகையும்

கோயில் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

கல்யாண மண்டபத்தின் உட்கூரைக்கும் சமையல்கட்டுத் தடுப்புக்கும் பசை சேர்க்காத கரும்புச் சக்கைப் பலகை வாங்கப் போகிறீர்களாமே. மொரீஷியஸின் கியூர்பிப் ஊரில் 30 வருஷம் தச்சு வேலை பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். மண்டபத்துக்குப் போடுங்கள். சமையல்கட்டுக்கு வேண்டாம்.

பசையில்லாமல் எப்படி ஒட்டும் என்று கூட்டத்தில் சிலர் சிரித்தார்களாம். ஒட்டும். 180, 200 டிகிரிச் சூட்டில் வைத்து அழுத்தினால் நாரிலேயே இருக்கும் லிக்னின் என்ற இயற்கைப் பிசின் இளகி, ஆறும்போது இறுகிவிடும். பசைப் பலகையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைட் என்ற காரமான வாயுவின் வாடையும் கிடையாது. பிள்ளைகள் தேவாரம் படிக்கிற இடத்துக்கு அது நல்லதுதான். நம் தீவில் சக்கை பெரும்பாலும் கொதிகலனில் எரிந்து மின்சாரமாகிறது. கொஞ்சம் பலகையானால் எனக்கும் சந்தோஷமே.

வினை ஈரத்தில் இருக்கிறது. நசுக்கி வைத்த நார், தண்ணீர் பட்டதும் பழைய பருமனுக்குத் திரும்பப் பார்க்கும். சக்கையின் பஞ்சு போன்ற உள்பகுதியைச் சரியாக நீக்காவிட்டால் இன்னும் அதிகம் குடிக்கும். மிச்சமிருக்கும் இனிப்புக்குப் பூஞ்சை வரும்.

விற்பவர் தந்த மாதிரித் துண்டைப் போன பிப்ரவரியில் என் வீட்டுப் பின்தாழ்வாரத்தில் சாய்த்து வைத்தேன். மழை நேரே படாத இடம். மூன்று வாரத்தில், தரையைத் தொட்ட விளிம்பு 12 மில்லிமீட்டரிலிருந்து 15 ஆகிவிட்டது; நகத்தால் கீறினால் ரவையாய் உதிர்ந்தது. ஒரு முழம் மேலே தட்டினால் 'டக்'கென்று நேற்று வாங்கியது போல! வெட்டிய விளிம்புதான் அதற்கு வாய்.

அதற்காகப் பசைப் பலகைக்குத் தாவிவிடாதீர்கள். மலிவான யூரியா-ஃபார்மால்டிஹைட் பசையும் சூடும் ஈரமும் சேர்ந்தால் விட்டுப்போகும். ஏழு வகைக் கறி சமைத்துப் பரிமாறும் ஏழு கறி விருந்து நாளில் அண்டாக்களிலிருந்து எழும் ஆவியையும், பிறகு குழாய் போட்டுத் தரை கழுவுவதையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே சிமெண்டுச் சுவரும் ஓடும்தான் சரி. மண்டபத்திலும் முதலில் மேல்தளக் கசிவை அடைத்துவிடுங்கள். பலகையின் விளிம்புகளுக்கு இரண்டு கை வார்னிஷ் அடித்த பிறகே ஏற்றுங்கள்.

முன்பணம் கொடுக்குமுன் ஒரு துண்டை வெட்டி, பருமனை அளந்து, 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு மறுபடி அளப்போம். எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் அழுத்தினார்கள் என்று விற்பவர் எழுதித் தரட்டும். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் வாளியோடும், பருமன் அளக்கும் வெர்னியர் கருவியோடும் வருகிறேன். அவரையும் கூப்பிடுங்கள், சனிக்கிழமை அவர் கண்முன்னேயே அளந்து பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
கோயிலுக்கு வரும் ஓய்வுபெற்ற தச்சன்